நெல்லையிலிருந்து மெட்டல் ஷோவுக்குக் கிளம்புகிறவர்களுக்கு

நம்ம ஊர்ப்பக்கம் மெட்டலும் ஹார்ட்கோரும், அதாவது ராக் இசையிலேயே கனமான, ஆவேசமான வகைகளை, கேட்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறோம். ஷோவை நேரில் பார்த்தவர்கள்தான் குறைவு. பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பத்து வருஷமாக ஹெட்போனில் கேட்கிற ஒருவருக்குக்கூட, டிரம்மருக்கு நாலடி தள்ளி நின்று, அவர் இரண்டு காலாலும் மிதித்து அடிக்கிற டபுள் பேஸ் நெஞ்செலும்பில் இறங்குவது எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்காது. காரணம் எல்லாருக்கும் ஒன்றுதான். ஷோ நடப்பது சென்னையில், பெங்களூரில், திருவனந்தபுரத்தில், கூட வர ஆளில்லை, தனியாகப் போனால் எங்கே நிற்பது, அந்தக் கூட்டம் அடித்துவிடுமோ என்று ஒரு தயக்கம். எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது, அதிலேயே இரண்டு மூன்று வருஷம் வீணாகப் போயிற்று. உங்களுக்கு அப்படிப் போக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், வெளிநாட்டுப் பெரிய பேண்ட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வாசித்தார்கள், 2009இல் ஓபெத் சென்னை ஐஐடியின் சாரங் விழாவுக்கு வந்தார்கள், 2011 அக்டோபர் 30 அன்று அதே பெங்களூர் மைதானத்தில் மெட்டாலிகா. 2012இல் க்ரியேட்டர் பேண்டை வைத்துத் தொடங்கியது பெங்களூர் ஓபன் ஏர் என்கிற மெட்டல் விழா. எல்லாமே பெரிய விஷயங்கள்தான், ஆனால் இந்த இசை அன்றாடம் மூச்சு விடுவது ஐம்பது பேர், நூறு பேர் நிற்கிற அறைகளில். பெங்களூரின் க்ரிப்டோஸ் 1998லிருந்து வாசிக்கிறார்கள், திருவனந்தபுரத்தில் கேயாஸ் என்று ஒரு த்ராஷ் (வேகமான மெட்டல்) பேண்ட், கண்ணூரிலிருந்து கிளம்பிய தி டவுன் ட்ராடன்ஸ். இப்படிப்பட்ட பேண்டுகளை இன்ஸ்டாகிராமில் பின்தொடருங்கள், அவர்கள் யாரோடு சேர்ந்து வாசிக்கிறார்கள் என்று பார்த்து அந்த பேண்டுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் போஸ்டர்கள் தானாக வந்து விழ ஆரம்பிக்கும். போஸ்டரில் வயசு வரம்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பப்பில் நடக்கிற ஷோ என்றால் பல இடங்களில் 21 வயசு முடிந்திருந்தால்தான் உள்ளே விடுவார்கள், ஆதார் அட்டை இல்லாமல் வாசலில் நின்று கெஞ்சிப் பிரயோஜனமில்லை.

பயணத்தைப் பொறுத்தவரை, முதல் ஷோவுக்குத் திருவனந்தபுரம்தான் நமக்குச் சரி. நாகர்கோவில் வழியாக நூற்றைம்பது கிலோமீட்டர் வாக்கில் இருக்கும், பஸ்ஸிலேயே நாலு மணி நேரத்துச் சொச்சத்தில் போய்விடலாம். நேர் பஸ் கிடைக்காவிட்டால் நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி மாறிக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டும் ரயில் நிலையமும் தம்பானூரில் எதிரெதிரே இருப்பதால் ராத்திரி திரும்புவதும் அவ்வளவு கஷ்டமில்லை. சென்னைக்கு என்றால் கணக்கு வேறு. 2023 செப்டம்பரில் விட்ட வந்தே பாரத்தில் காலையில் ஏறினால் மத்தியானம் எழும்பூர், சாயங்கால ஷோவுக்கு நேரம் தாராளம். திரும்பும்போதுதான் சிக்கல்: நெல்லை எக்ஸ்பிரஸ் கிளம்புகிற நேரத்தில் மெயின் பேண்ட் மேடையே ஏறியிருக்காது. பெங்களூரிலிருந்து நாகர்கோவில் போகிற ரயிலும் சாயங்காலமே புறப்பட்டுவிடும். அதனால் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகும்போது ஒரு ராத்திரி தங்க இடம் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள், இல்லாவிட்டால் கடைசி பேண்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓட வேண்டியிருக்கும். எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் பயணம் செய்து வந்துவிட்டு அப்படி ஓடுவதைப் போல வயிற்றெரிச்சல் வேறில்லை. திறந்தவெளி ஷோ என்றால் பெரும்பாலும் பத்து மணிக்கு முடிந்துவிடும், ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. மூடிய அரங்கில் நேரம் இழுக்கும்.

வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டே போங்கள். எந்த ஊர், எந்த இடம், எத்தனை மணிக்கு முடியும், கூட யார் என்று சொல்லிவிட்டால் ராத்திரி பதினோரு மணிக்கு அம்மாவின் போனை எடுக்க பயப்பட வேண்டியதில்லை.

உடுப்பு எளிது. கறுப்பு டீ ஷர்ட் கட்டாயமில்லை, ஆனால் பருத்தி கட்டாயம், ஏனென்றால் ஏசி இருந்தாலும் நூறு உடம்பு குதிக்கிற அறையில் அது ஒன்றும் செய்யாது. கழுத்துச் சங்கிலி, கூர்முனை வைத்த பட்டை, பெரிய மோதிரம் எதுவும் வேண்டாம், அவை அடுத்தவர் முகத்தைக் கிழிக்கும். காலில் லேஸ் இறுக்கிக் கட்டின கான்வாஸ் ஷூ. முதல் ஷோவுக்கு நான் செருப்பில் போனேன். வாசலில் நின்ற ஒரு நாகர்கோவில் அண்ணன் காலைப் பார்த்துவிட்டு, "மக்கா, இதப் போட்டுட்டு முன்னால போவாதல, ஓரமா நின்னு பாரு" என்றார். கேட்கவில்லை. மூன்றாவது பாட்டில் யாரோ ஒருவருடைய பூட்ஸ் என் பெருவிரலில் இறங்கி நகம் பாதி எழும்பிவிட்டது. கூட்டத்துக்குள்ளிருந்து என்னைத் தூக்கி வெளியே கொண்டுவந்து, தண்ணீர் ஊற்றிக் கைக்குட்டையால் கட்டிவிட்டவரும் அதே அண்ணன்தான். நீங்கள் ஷூ போட்டுக்கொண்டு போங்கள்.

இப்போது காது. இதை மட்டும் யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது தொழிலிடங்களுக்கு வைத்திருக்கிற ஒரு கணக்கு, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கிடைப்பது பதினைந்து நிமிஷம். சின்ன அறையில் இரண்டு கிட்டார் ஆம்பும் (ஒலிபெருக்கிப் பெட்டியும்) டிரம்ஸும் இந்த 100ஐச் சுலபமாகத் தாண்டும், ஷோ மூன்று மணி நேரம் ஓடும். உலக சுகாதார நிறுவனமே 2022இல் இசை அரங்குகளுக்கு, சராசரி 100 டெசிபலைத் தாண்ட வேண்டாம் என்று வரையறை சொன்னது. காதுக்குள் இருக்கிற மெல்லிய மயிர்ச் செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது.

நுரை இயர்பிளக் மெடிக்கலிலோ, ஹெல்மெட், கையுறை விற்கிற தொழிற்சாலைப் பாதுகாப்புக் கடையிலோ ஒரு டீ வடை காசுக்குள் கிடைக்கும். வாங்கினால் போதாது, போடத் தெரிய வேண்டும். பிளக்கை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து ஊதுபத்திக் குச்சி அளவுக்கு ஒல்லியாக உருட்டுங்கள், மற்றொரு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுங்கள், அப்போது காதின் வழி நேராகும், உள்ளே செலுத்தி அரை நிமிஷம் விரலை எடுக்காமல் பிடித்திருங்கள். நுரை விரிந்து அடைக்கும்போது உங்கள் குரலே உங்களுக்கு மண்பானைக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும், அப்படிக் கேட்டால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள். நுரை பிளக்கில் டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பலின் சத்தம் மங்கிவிடுகிறது என்று தோன்றினால், இசைக்கென்றே வருகிற அடுக்கு அடுக்கான ரப்பர் பிளக் இருக்கிறது, விலை கூட, ஆனால் கழுவிக் கழுவி வருஷக்கணக்கில் போடலாம்.

சாயங்காலம் லேசாகச் சாப்பிடுங்கள். பரோட்டா சால்னாவை ஒரு கட்டு கட்டிவிட்டுப் போய்க் குதித்தால் வயிறு தாங்காது. தண்ணீர் மத்தியானத்திலிருந்தே குடித்துக்கொண்டிருங்கள்.

முதல் பேண்ட் ஆரம்பிக்கிறதுக்கு முன்பே உள்ளே இருங்கள். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். மெயின் பேண்ட் வரும்வரை வெளியே நின்று அரட்டை அடிக்கிற ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு, உள்ளே அந்த நேரத்தில் பத்தொன்பது வயசுப் பிள்ளைகள் நாலு பேர் காலியான தரையைப் பார்த்து வாசித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு ஷோவில் ஓபனிங் பேண்டின் கிட்டார்காரத் தம்பிக்கு இரண்டாவது பாட்டிலேயே தந்தி அறுந்துவிட்டது. மாற்று கிட்டார் இல்லை. அவன் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டான், முன்னால் நின்ற ஒரு பெண் போன் டார்ச்சை அடித்துப் பிடித்தாள், அவன் புதுத் தந்தியைக் கட்டையில் கோத்து முறுக்கி முறுக்கிச் சுருதி சேர்த்து முடிக்கிறவரை டிரம்மர் ஒற்றை பீட்டை விடாமல் போட்டுக்கொண்டே இருந்தார், நாங்கள் பதினைந்து பேர் கை தட்டிக்கொண்டே இருந்தோம். அந்த ராத்திரியில் மெயின் பேண்ட் வாசித்ததைவிட இதுதான் எனக்கு மனசில் நிற்கிறது. நாங்கள் பதினைந்து பேரும் வெளியே நின்றிருந்தால் அந்தத் தம்பி அத்தோடு மேடையை விட்டு இறங்கியிருப்பான்.

அடுத்தது பிட். மேடைக்கு முன்னால், கிட்டாரில் திரும்பத் திரும்ப வருகிற ரிஃப் கனக்கும்போது கூட்டம் தானாக விலகி ஒரு வட்டம் திறக்கும், உள்ளே தோளால் இடித்துக்கொண்டு ஆடுவார்கள். எல்லாரும் ஒரே திசையில் சுற்றி ஓடினால் சர்க்கிள் பிட், இரண்டு பக்கமும் பிரிந்து நின்று பாட்டு வெடிக்கும்போது மோதினால் வால் ஆஃப் டெத். ஹார்ட்கோர் ஷோவில் கையையும் காலையும் சுழற்றி ஆடுவது தனி ரகம், அதற்கு இடம் அதிகம் வேண்டும், பக்கத்தில் போகாமல் பாருங்கள்.

சுடலைமாடன் கோயில் கொடையில் நடுச்சாமத்துக்கு மேல் மகுட மேளத்தின் அடி வேகமெடுக்கும்போது சாமியாடியைச் சுற்றி நிற்கிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். அவர் துள்ளுவதற்கு இடம் விடுவார்கள், ஆனால் ஒரு கண் அவர் மேலேயே இருக்கும், சாய்ந்தால் தாங்க இரண்டு பேர் தயாராகப் பின்னாலேயே போவார்கள். பிட்டில் நிற்கிறவர்களுக்கும் அதே வேலை இருக்கிறது. ஒருவர் விழுந்தால் அந்த நொடியே இரண்டு பேர் குனிந்து கக்கத்தில் கை கொடுத்துத் தூக்க வேண்டும், மற்றவர்கள் முதுகைக் காட்டி அரண் போல நிற்க வேண்டும். கண்ணாடியோ போனோ கீழே கிடந்தால் எடுத்துக் கையை உயர்த்திக் காட்டுங்கள், சொந்தக்காரர் வந்து வாங்கிக்கொள்வார். தள்ளுவது தோளாலும் உள்ளங்கையாலும்தான், முஷ்டியும் முழங்கையும் கூடாது. உள்ளே வர விருப்பமில்லாமல் ஓரத்தில் நிற்கிறவரை இழுத்துப் போடக் கூடாது. மூச்சு முட்டினால் கையை மேலே தூக்கிக்கொண்டு ஓரத்துக்கு வாருங்கள், வழி விடுவார்கள். முதல் தடவை பிட்டின் விளிம்பில், சுவரோரம் அல்லது சவுண்டு மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். சவுண்டு மேசைப் பக்கம்தான் சத்தமும் மிகத் தெளிவாக இருக்கும். இரண்டு பேண்ட் முடிவதற்குள் அந்தக் கூட்டத்தின் போக்கு உங்களுக்குப் பிடிபட்டுவிடும், அப்புறம் இறங்குங்கள். தாழ்ந்த கூரையுள்ள சின்ன அறையில் மேடையிலிருந்து பாய்வது வேண்டாம். பிடிக்க ஆள் போதாது.

கூட்டத்தைச் சாக்காக வைத்துப் பெண்கள் மேல் கை வைக்கிறவன் எந்தக் கூட்டத்திலும் வருவான். பார்த்தால் பக்கத்தில் நிற்கிறவரைச் சேர்த்துக்கொண்டு அவனை ஏற்பாட்டாளரிடம் கொண்டுபோய் நிறுத்துங்கள். பாட்டு நின்றாலும் பரவாயில்லை. அந்தப் பெண் அடுத்த ஷோவுக்கும் தைரியமாக வர வேண்டும்.

குடிக்க வேண்டுமா என்று கேட்கிற தம்பிமார் உண்டு. வேண்டவே வேண்டாம். ஹார்ட்கோரிலேயே குடி, புகை, போதை எதுவும் வேண்டாம் என்று ஒரு பெரிய மரபு இருக்கிறது. 1981இல் வாஷிங்டனின் மைனர் த்ரெட் பேண்ட் பாடிய, ஒரு நிமிஷம்கூட ஓடாத 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' பாட்டிலிருந்துதான் அதற்குப் பேரே வந்தது. வயசு வராதவர்களுக்கு மது கொடுத்துவிடக் கூடாது என்று கிளப்காரர்கள் கையில் போட்ட எக்ஸ் குறியைப் பிற்பாடு பெரியவர்களும் தாங்களே போட்டுக்கொண்டார்கள். நான் இதுவரை ஒரு ஷோவிலும் குடித்ததில்லை, யாரும் ஏன் என்று கேட்டதும் இல்லை.

போனில் ஒரு பாட்டு எடுங்கள், போதும். ஷோ முடிந்ததும் பேண்ட் தன் பொருட்களை விற்கிற மெர்ச் மேசைக்குப் போங்கள். டிக்கெட் காசில் பெரும்பங்கு இடத்துக்கும் சவுண்டுக்கும் போய்விடும், டீ ஷர்ட்டும் சிடியும் விற்ற காசுதான் பேண்டுக்குப் பெட்ரோலாகவும் சாப்பாடாகவும் மாறுகிறது. ஓசியில் கேட்காதீர்கள், பேரம் பேசாதீர்கள். வாங்கக் காசில்லை என்றால் போய் ஒரு வார்த்தை பேசுங்கள், எந்தப் பாட்டு பிடித்தது என்று பேரைச் சொல்லிச் சொல்லுங்கள், திருநெல்வேலியிலிருந்து வந்தேன் என்பதையும் சொல்லுங்கள். ஒரு பேண்ட் நம்ம ஊருக்கு வர யோசிக்க வேண்டும் என்றால் இங்கே கேட்க ஆளிருக்கிறது என்பது முதலில் அவர்களுக்குத் தெரிய வேண்டும். நான் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அல்வாவும் கையில் கொண்டுபோவேன், பேச்சு அதில் சுலபமாக ஆரம்பிக்கும்.

ஊருக்குள்ளும் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். இங்கே டிரம்ஸும் கிட்டாரும் வாசிக்கிறவர்களில் எனக்குத் தெரிந்த பாதிப் பேர் சர்ச் கொயரில் கற்றுக்கொண்டவர்கள், கல்லூரி கல்ச்சுரல்ஸில் லைட் மியூசிக்குக்கு நடுவே ஒரு கனமான பாட்டை நுழைத்துவிடுகிற பிள்ளைகளும் உண்டு. பேர் கேட்டு, நம்பர் வாங்கி, அவர்கள் ஒத்திகை பார்க்கிற அறைக்கு ஒரு நாள் போய் உட்காருங்கள். கேட்க ஐந்து பேர் வந்து உட்கார்ந்தால் அடுத்த மாதம் அந்த ஒத்திகையே ஷோவாகிவிடும்.

திரும்புகிற பஸ்ஸில் கழுத்து கனக்கும், காலையில் இன்னும் வலிக்கும். தலையை முன்னும் பின்னும் வெட்டி ஆட்டாமல் இடுப்பிலிருந்து ஆடினால் வலி பாதியாகக் குறையும், இது இரண்டு மூன்று ஷோவில் பழகிவிடும். ராத்திரி காதில் லேசான 'ங்ங்ங்' இருந்தால் அடுத்த ஷோவுக்கு பிளக்கை இன்னும் நன்றாக அழுத்திப் போட வேண்டும் என்று அர்த்தம். இரண்டு நாளாகியும் அது நிற்காவிட்டாலோ, ஒரு காது மட்டும் அடைத்த மாதிரியே இருந்தாலோ, தானாகச் சரியாகும் என்று விட்டுவிடாமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் உடனே போங்கள். வாங்கின டீ ஷர்ட்டை உள்புறம் வெளியே திருப்பிப் பச்சைத் தண்ணீரில் துவைத்து நிழலில் காயப்போடுங்கள், நம்ம ஊர் வெயிலில் போட்டால் மூன்றே மாதத்தில் பிரிண்ட் வெடித்துவிடும்.