குமரி மாவட்டத்தில் இளவேனில் குறிப்பேடு எழுதுவது எப்படி

மாசி கடந்து பங்குனி பிறக்கும் வாரங்களில், எழுதும் பழக்கமுள்ள எவருக்கும் ஏதேனும் குறித்துவைக்க வேண்டும் என்ற ஆசை வருவது இயல்பு. ஆனால் அப்படி எழுதப்படும் குறிப்புகள் பலவற்றில் பூத்த கொன்றை ஒரு பத்தியாகவும், அன்றைய நாளிதழ்ச் செய்தி இன்னொரு பத்தியாகவும், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் கதை மூன்றாவது பத்தியாகவும் ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடக்கின்றன. பருவம், நாட்டு நடப்பு, ஊர் வரலாறு ஆகிய மூன்றையும் ஒரே குறிப்பேட்டில் எழுத விரும்புகிறவர் முதலில் செய்ய வேண்டியது, அம்மூன்றும் உண்மையிலேயே சந்திக்கும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான்.

அந்த இடம் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். வாரம் ஒரு முறையாவது போய்ப் பார்க்க முடிய வேண்டும். குமரிமுனையையும் பத்மநாபபுரம் அரண்மனையையும் விட்டுவிடுங்கள் என்பேன். அவற்றைப் பற்றி எழுதாதவர் இல்லை என்பதால், அங்கே நின்றால் நாம் பார்ப்பதற்கு முன்பே பிறர் எழுதிய வாக்கியங்கள் நினைவுக்கு வந்துவிடும். சானல் எனப்படும் பாசனக் கால்வாயின் கரை, குளத்தங்கரை, ஊர்ச்சந்தை, ரப்பர் தோட்டத்தின் ஓரம், மீன் இறங்கும் துறை என ஏதேனும் ஒன்று போதும்.

பருவத்தை எழுதும்போது பெயரடைகளைக் குறைத்து, நிகழ்வுகளைக் கூட்டுங்கள். இலக்கணம் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்று வகுத்தாலும், நம் மாவட்டத்தில் அதன் அடையாளங்கள் மாசியிலேயே தொடங்கிவிடுகின்றன. கும்பப்பூ என்னும் இரண்டாம் போக நெல் அறுவடை முடிந்த ஏலாக்களில், அதாவது வயல்களில், தாள் மட்டும் நிற்கும். கொல்லா என்னும் முந்திரி மரம் பூத்துக் காய்க்கும். சக்கை என்னும் பலா மரங்களில் பிஞ்சு பிடித்திருக்கும். கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் இலை உதிர்த்து நின்ற ரப்பர் மரங்கள் செம்பு நிறத் தளிர் விட்டிருக்கும். ‘அழகிய தளிர்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாமல், எட்டும் கொப்பு ஒன்றைத் தாழ்த்திப் பாருங்கள். மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் சின்னஞ்சிறு புடைப்புகள் இருக்கும்; அவற்றில் இனிப்பு நீர் கசியும். மார்த்தாண்டம் வட்டாரத்துத் தேனீ வளர்ப்போர் இந்த வாரங்களில் பெட்டிகளை ரப்பர் தோட்டங்களில் வைப்பது பூவை நம்பி அல்ல, பெரும்பாலும் இந்தக் காம்பு நீரை நம்பித்தான். 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. அமைத்த கிராம முன்னேற்ற மையமும், அதை நடத்திய ஸ்பென்சர் ஹாட்சும் இப்பகுதியில் தேனீ வளர்ப்பைப் பரப்பியவர்கள். இந்த ஆண்டுத் தேன் விலையைப் பற்றிய செய்தியையும் பக்கத்தில் எழுதினால், ஓர் இலைக்காம்பிலிருந்தே மூன்று பொருளும் கிடைத்துவிடுகின்றன.

வரலாற்றுக்கு முதல் தேவை ஆண்டுக்கணக்கு. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணையும்வரை திருவிதாங்கூரிலும், 1949க்குப் பின் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தமையால், இங்குள்ள பழைய பத்திரங்களிலும் கோயில் கணக்குகளிலும் பெரும்பாலும் மலையாள ஆண்டான கொல்லம் ஆண்டே காணப்படும். அந்த ஆண்டு ஆவணி முதல் தேதியில் பிறக்கிறது. ஆகவே ஆங்கில ஆண்டைப் பெற, கொல்லம் ஆண்டோடு ஆவணியிலிருந்து டிசம்பர் முடியும்வரை உள்ள நாள்களுக்கு 824ஐயும், ஜனவரியிலிருந்து ஆடி முடியும்வரை உள்ளவற்றுக்கு 825ஐயும் கூட்ட வேண்டும்; மாசி, பங்குனி, சித்திரைப் பதிவுகளுக்கு எப்போதும் 825தான். திருவிதாங்கூரைப் புரட்டிப்போட்ட பெருவெள்ளம் கொல்லம் 1099இல், அதாவது 1924 ஜூலையில் வந்தது. ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று வீட்டுப் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்வதைக் கேட்டு 1999 என்று எழுதிவைத்தவர்களும் உண்டு.

மூன்றையும் சேர்க்கும் முறையை ஒரு சானலை வைத்தே காட்டலாம். பேச்சிப்பாறை உள்ளிட்ட கோதையாறு பாசன அணைகளில் வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் திறந்து, பிப்ரவரி இறுதியில் அடைப்பார்கள். பங்குனியில் சானல் வற்றி, வண்டல் வெடித்து, மற்ற மாதங்களில் தண்ணீருக்குள் மறைந்திருக்கும் கடைசிப் படியும் வெளியே தெரியும். இது பருவம். தூர்வாரும் வேலை நடக்கிறதா, கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்ற புகார் இந்த ஆண்டும் எழுந்ததா என்பவை நடப்பு. பேச்சிப்பாறை அணை 1897இல் தொடங்கி 1906இல், மூலம் திருநாள் மகாராஜா காலத்தில் கட்டி முடிக்கப்பட்டது. அதைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறை அணைக்கு அருகிலேயே இருக்கிறது. பட்டணங்கால் கால்வாயின் தண்ணீரைப் பறளியாற்றுக்கு மேலே கொண்டுசெல்லும் மாத்தூர் தொட்டிப்பாலம் 1966இல், அதாவது இணைப்பு நடந்து பத்தாண்டுகளுக்குள் எழுந்தது. இணைப்பைப் பற்றி மேடைகளில் பேசப்படுவதைவிட, 28 தூண்களின் மேல் 115 அடி உயரத்தில் நிற்கும் அந்தத் தொட்டி எனக்கு அதிகம் சொல்கிறது. பதிவு இப்படி அமையலாம்:

‘பங்குனி இரண்டாம் வாரம். சானலில் தண்ணீர் இல்லை. மதகுப் பலகைக்குக் கீழே இரண்டு நண்டு வளைகள். கரை சரிந்த இடத்தைத் திறப்புக்கு முன் கட்டிவிடுவதாக இன்றைய நாளிதழில் அறிவிப்பு. தொட்டிப்பாலம் வருமுன் இந்த வழியே தண்ணீர் வந்ததில்லை.’

இதில் மகிழ்ச்சி, ஏக்கம் என்ற சொற்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுமானால் பதிவின் கீழே தனி வரியாக, ஒன்றிரண்டு வாக்கியங்களுக்குள் எழுதுங்கள்.

கடற்கரை ஊர்களில் நடப்புச் செய்தியே பருவக் குறிப்பாகிவிடுகிறது. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் சேர்வதால், அங்குள்ள விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பகுதிகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சித்திரையில் ஒரு துறைமுகத்தில் படகுகள் கட்டிக் கிடக்கும்போது, அதே மாவட்டத்தின் இன்னொரு துறைமுகத்தில் மீன் ஏலம் நடந்துகொண்டிருக்கும். இரண்டையும் ஒரே நாளில் பார்த்து எழுதக்கூடியவர்கள் நாம். இதே வாரங்களில் வரும் கள்ளக்கடல், அதாவது திடீரெனக் கரையேறும் பேரலை பற்றிய எச்சரிக்கையையும், வெளியான நாள், நேரம், சொல்லப்பட்ட அலை உயரம் ஆகியவற்றோடு எழுதி, அன்று உங்கள் கரையில் அலை எதுவரை ஏறியது என்பதைப் பக்கத்தில் குறியுங்கள். 2004 சுனாமியையும் 2017 ஒக்கி புயலையும் பற்றி மட்டும் நீங்களாகப் போய்க் கேள்வி கேட்காதீர்கள். பறிகொடுத்தவர்கள் தாங்களாகச் சொன்னால் கேட்டு எழுதலாம்.

மாவட்டத்தின் பெரிய செய்திகளை அப்படியே படியெடுக்க வேண்டாம். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் இடையே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டதை எல்லாரும் அறிவர். உங்கள் பேருந்து நிறுத்தத்தில் அதனால் கூட்டம் கூடியதா, தோவாளைப் பூச்சந்தைக்குப் போகும் வண்டிக்கு நேரம் மாறியதா என்பது உங்களைத் தவிர வேறு யாரும் எழுதப்போவதில்லை.

பெரியவர்களிடம் ‘எந்த வருஷம்?’ என்று கேட்டால் பெரும்பாலும் சரியான விடை வராது. ‘பாட்டா, மாநிலம் சேர்ந்தப்போ பள்ளிக்கூடத்துல என்ன பாஷையில படிச்சீங்க?’ என்று கேட்டால், ஆசிரியரும் பாடப்புத்தகமும் வகுப்பறையும் சேர்ந்தே வரும். அந்த வயதையும் வகுப்பையும் வைத்து ஆண்டை நீங்களே கணக்கிடலாம். இருவர் சொல்வது முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள். சொன்னவர் பெயரை அவர் சம்மதித்தால் மட்டுமே சேர்க்க வேண்டும். இல்லையெனில் ஊரும் தோராயமான வயதும் போதும்.

அன்றன்றைய பதிவை அன்றிரவே எழுதிவிட்டு, ஒரு வாரம் கழித்துத் திருத்துங்கள். குறிப்பேட்டில் வலப்பக்கத்தில் மட்டும் எழுதி, இடப்பக்கத்தை அடுத்த ஆண்டின் அதே வாரத்துக்கு வெறுமையாக விடுவது நல்லது. சானல் எந்த வாரம் வற்றியது, கொன்றை எப்போது பூத்தது என்பதை அப்போது தேடிப் புரட்ட வேண்டியிருக்காது.