‘நீ’ யார், ‘நீங்கள்’ யார்: யூதக் கட்டளைகளை வாசிக்கும் முறை

யூத மரபு எண்ணும் கட்டளைகள் 613. அவற்றுள் செய்ய வேண்டியவை 248, செய்யலாகாதவை 365. இவற்றில் எது தனியாளுக்கு உரியது, எது முழு இனத்துக்கும் உரியது என்று பிரித்தறிய விரும்புகிறவர், ஆங்கிலப் பதிப்பை ஒதுக்கிவிட்டுத் தமிழ் வேதாகமத்தையே கையில் எடுக்கலாம். ஆங்கிலத்தில் ஒருவருக்கும் பலருக்கும் இன்று ஒரே சொல்தான். எபிரேயத்திலோ தமிழைப் போலவே ஒருமையும் பன்மையும் வேறு வேறு. ஆனால் நாம் பெரியவர் ஒருவரைக்கூட ‘நீங்கள்’ என்கிறோம். எபிரேய வேதத்தில் அந்த மரியாதைப் பன்மை இல்லை என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

முதலில் உபாகமம் 11:14 ஐப் பாருங்கள். முன்மாரியும் பின்மாரியும் ‘உங்கள்’ தேசத்தில் பெய்கின்றன. சேர்க்கப்படும் தானியமோ ‘உன்’ தானியம். கந்தளாய்க் குளத்து நீரில் பெரும்போகம் செய்யும் தம்பலகாமத்து வயற்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை: மழை ஊருக்கெல்லாம் பொது, அறுவடை அவரவர் வயலில்.

எனினும் பிரதிப்பெயரோடு நின்றுவிடக் கூடாது. நானும் தொடக்கத்தில் அப்படி நின்று தவறியதுண்டு. லேவியராகமம் 23:15 பஸ்காவை அடுத்து வரும் ஏழு வாரங்களை எண்ணும்படி பன்மையில் சொல்கிறது. அதே நூலின் 25:8, ஐம்பதாம் வருடமாகிய யூபிலிக்கான நாற்பத்தொன்பது வருடங்களை எண்ணும்படி ஒருமையில் சொல்கிறது. ரபிமார் எனப்படும் யூத மத ஆசான்கள் கண்ட பொருள் நம் எதிர்பார்ப்புக்கு நேர்மாறானது: பன்மையில் சொன்னதை ஒவ்வொருவரும் தத்தம் வாயால் எண்ண வேண்டும், ஒருமையில் சொன்னதை மக்கள் சார்பில் யூதரின் உயர் மத நீதிமன்றம் எண்ண வேண்டும்.

ஆகவே அடுத்துக் கேட்க வேண்டியது, அந்தச் செயலை யாரால் நிறைவேற்ற முடியும் என்பதே. அரசனை ஏற்படுத்துவதும் ஆலயம் கட்டுவதும் தனியாளுக்கன்றிச் சமூகத்துக்கே உரிய கடமைகள் என்று 12ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் பிரித்துக் காட்டினார். கிண்ணியாவிலோ மூதூரிலோ உள்ள வாசகருக்கு பர்ளு ஐன் (ஒவ்வொருவரும் தாமே செய்ய வேண்டிய கடமை), பர்ளு கிபாயா (சிலர் செய்தால் மற்றவருக்கும் நீங்கும் கடமை) என்ற இஸ்லாமியப் பிரிவு உடனே நினைவுக்கு வரும். ஒப்பிடலாம், ஆனால் ஓரளவுக்குத்தான்: இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகையைச் சிலர் நிறைவேற்றினால் ஊராரின் கடமை நீங்கும், அரசனை ஏற்படுத்துவதோ இனம் ஓருடலாக நின்று செய்ய வேண்டியது.

தனியாளுக்கு உரியவற்றிலும் மற்றவரின் பங்கு முற்றாக விலகிவிடுவதில்லை. இஸ்ரவேலர் அனைவரும் ஒருவருக்கொருவர் பிணை என்கிறது ரபிமாரின் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூத். வங்கிக் கடனுக்குப் பிணை நின்றவருக்கு அச்சொல்லின் பாரம் தெரியும். இதற்கு நடைமுறைப் பயனும் உண்டு: யூதப் புத்தாண்டில் எக்காள ஒலியைக் கேட்கும் தன் கடமையை முன்பே முடித்தவர், இன்னும் கேட்காத ஒருவருக்காக அதை மறுபடியும் ஊதலாம்.

கடைசியாக, பாவநிவாரண நாளில் (யோம் கிப்பூர்) யூதர் சொல்லும் பாவ அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். தான் செய்யாத குற்றத்தையும் சேர்த்து ஒவ்வொருவரும் பன்மையிலேயே சொல்கிறார். அதைத் தமிழாக்கும்போது ‘நாம்’ என்று எழுதிவிடாதீர்கள். கேட்பவர் கடவுள் ஆகையால், அங்கே ‘நாங்கள்’ என்பதே சரி.