கணினிக் கோளாறு: சரிசெய்யப் போய் நாம் செய்யும் தவறுகள்

கோலாலம்பூரில் கணினி கொஞ்சம் தெரிந்தவர் என்று பெயர் எடுத்துவிட்டால் போதும், வார இறுதியில் தொலைபேசி ஓயாது. கோயில் செயலாளர், தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சமையல் வலைப்பதிவு நடத்தும் அக்கா, யாராக இருந்தாலும் சொல்லும் கதை ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் ஏதோ ஒன்று வரவில்லை. பதற்றத்தில் ஒன்றை அழித்தார்கள், இன்னொன்றை நிறுவினார்கள், பக்கத்து வீட்டுப் பையன் சொன்னதையும் செய்து பார்த்தார்கள். இப்போது எதுவுமே வரவில்லை. முதல் கோளாறு பத்து நிமிட வேலையாக இருந்திருக்கும். அதன்மேல் ஏறிய மாற்றங்களைப் பிரித்தெடுக்கத்தான் ஒரு நாள் போகிறது.

அதனால் நான் சொல்ல வருவது இதுதான். கோளாறு எங்கே இருக்கிறது என்று தெரிவதற்கு முன் கை வைக்காதீர்கள். கை வைத்தால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். திரும்பப் பெற முடியாத எதையும் கடைசிக்கு ஒதுக்குங்கள்.

பிழைச் செய்தி வந்ததும் படிக்காமல் மூடிவிடுவதுதான் எல்லாரும் செய்கிற முதல் தவறு. "என்னமோ ஆங்கிலத்தில் வந்தது, மூடிவிட்டேன்" என்றால் உதவ வருபவர் இருட்டில்தான் தேட வேண்டும். அந்தச் செய்தியைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். அதிலிருக்கும் எண்ணையோ வரியையோ அப்படியே தேடுபொறியில் கொடுத்தால் பாதி நேரம் விடை அங்கேயே கிடைத்துவிடும்.

ஒரு தளம் திறக்கவில்லையா? கைப்பேசியில் வைபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் அதே முகவரியைத் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் கோளாறு உங்கள் கணினியிலோ வீட்டு இணைப்பிலோ. அங்கேயும் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் அந்தத் தளத்தில். அரை நிமிடச் சோதனை இது. இதைச் செய்யாமல் பிரவுசரை நீக்கி மீண்டும் நிறுவியவர்கள் எத்தனையோ பேர்.

அணைத்துப் போட்டேன் என்கிறார்களே

"நேற்றிரவே ஷட் டவுன் பண்ணிட்டேன், காலையிலும் அதே பிரச்சினை" என்று சொல்வார்கள். விண்டோஸ் 8 வந்த 2012 முதல் 'பாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால், இயங்குதளத்தின் அடிப்பகுதி நினைவிலிருந்து வட்டில் எழுதி வைக்கப்படும். மறுநாள் அதையே எடுத்து விரிக்கும். சீக்கிரம் திறப்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. ஆனால் உள்ளே சிக்கிக்கிடக்கும் கோளாறும் அப்படியே கூட வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். நம்பிக்கை இல்லையென்றால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்பார்மன்ஸ் பகுதியில் சிபியூவைச் சொடுக்குங்கள். 'அப் டைம்' என்று ஒரு கணக்கு இருக்கும். தினமும் அணைக்கும் கணினியிலும் அது பல நாட்களைக் காட்டும். அச்சுப்பொறி பதில் சொல்லாதது, ஒலி வராதது, வைபை சின்னம் காணாமல் போனது போன்றவற்றில் பலவும் ஒரு ரீஸ்டார்ட்டில் சரியாகிவிடும்.

ரவுட்டர் விஷயம் நேர்மாறு. அங்கே ரீஸ்டார்ட்டும் ரீசெட்டும் ஒன்றென்று நினைத்துக்கொள்கிறார்கள். "அண்ணே, லைன் வரல. பின்னால ஒரு சின்ன ஓட்டை இருந்துச்சு, ஊசியால குத்தி அழுத்திட்டேன். இப்ப வைபை பேரே மாறிப்போச்சு." அந்த ஓட்டைக்குள் இருப்பது தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோகும் பொத்தான். நம் நாட்டு ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் பிபிபிஓஇ என்ற முறையில் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ரவுட்டருக்குள் பதிந்திருக்கும். ஊசியால் குத்தியதும் அதுவும் போய்விடும். பிறகு சேவை நிறுவனத்தைக் கூப்பிட்டு அந்த விவரத்தை வாங்காமல் இணையம் வராது. மின்சாரத்தை அணைத்து, அரை நிமிடம் பொறுத்து, மறுபடி போடுங்கள், அவ்வளவுதான். அப்படியும் வரவில்லை என்றால், சுவரோரம் இருக்கும் ஃபைபர் மோடத்தைப் பாருங்கள். எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பில் சிமிட்டினால் கம்பியில் ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். நீங்கள் செய்ய ஒன்றுமில்லை, புகார் கொடுக்கத்தான் வேண்டும்.

இன்னொன்று, இடி மின்னல். கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை மழை எப்படி இறங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஃபைபர் கம்பி கண்ணாடி, அதன் வழியே மின்சாரம் வராது என்பது சரி. ஆனால் ரவுட்டரின் மின் அடாப்டர் சுவரில்தானே சொருகியிருக்கிறது? இடி தொடங்குவதற்கு முன்பே பிளக்கையே கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.

மெதுவாக ஓடும் கணினி

வேகம் குறைந்ததும் புதுக் கணினி வாங்க, கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்குக் கிளம்பிவிடுவார்கள், அல்லது 'வேகப்படுத்தும்' இலவச மென்பொருள் ஒன்றை இறக்குவார்கள். இரண்டாவது ரொம்ப மோசம். அப்படிப்பட்ட மென்பொருள்களில் பல, விளம்பரத்தையும் வேண்டாத சரக்கையும்தான் கூட்டிக்கொண்டு வரும். ஏற்கெனவே இருக்கும் ஆன்ட்டிவைரஸுடன் இன்னொன்றையும் நிறுவுவது அடுத்த தவறு. இரண்டும் ஒரே கோப்பை மாறி மாறிச் சோதித்து இயந்திரத்தை முடக்கிவிடும். பழைய மடிக்கணினிக்குள் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதை எடுத்துவிட்டு, சுழலும் பாகம் இல்லாத வேகமான வட்டான எஸ்எஸ்டி போட்டுப் பாருங்கள். புதுக் கணினி வாங்கும் செலவில் சிறு பங்குதான் ஆகும், வித்தியாசமோ கண்கூடு. ஒரே ஒரு எச்சரிக்கை: விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 நிறுவ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். காசு செலவழிக்கும் முன் உங்கள் கணினியில் அது இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

தமிழ் எழுத்து ஏன் உடைகிறது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தமிழில் எழுதும் வலைப்பதிவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட உதவிக் குறிப்புகள் எதுவும் இதைத் தொடுவதில்லை.

தமிழ்க் கணிமையில் மலேசியாவுக்கு நல்ல பங்கு உண்டு. முத்து நெடுமாறனின் தமிழ்த் தட்டச்சு மென்பொருளான முரசு அஞ்சல் இங்கே உருவானது. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. அந்தக் காலத்தில் டிஸ்கி, டேப், டேம், பாமினி என்று ஆளுக்கொரு குறியாக்கம், அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை, இருந்தது. அச்சகங்களிலும் சங்க அலுவலகங்களிலும் பழைய கோப்புகள் இன்னும் அப்படித்தான் கிடக்கின்றன. பாமினியில் தட்டிய கோயில் மலரை வலைப்பதிவில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு குவியல் வரும். காரணம் இதுதான்: அந்தக் கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துகளின் எண்கள்; எழுத்துரு மட்டும் அவற்றுக்குத் தமிழ் முகம் போட்டுக் காட்டியது. எழுத்துரு இல்லாத இடத்தில் முகமூடி கழன்றுவிடுகிறது.

இப்போது நம்மவர் செய்வது என்ன? "என் கணினியில் சரியாகத் தெரிகிறதே" என்று அந்த எழுத்துருவை எல்லாருக்கும் அனுப்பி நிறுவச் சொல்கிறார்கள். வாசகர் கைப்பேசியில் படிக்கிறார்; அவர் எங்கே போய் நிறுவுவார்? தேடுபொறிக்கும் அந்தப் பக்கம் தமிழாகவே தெரியாது. எழுத்துருவை மாற்றிப் பயனில்லை, எழுத்தையே எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். இதற்கு என்எச்எம் கன்வெர்டர் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. மூலம் எந்தக் குறியாக்கம் என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். முதலில் ஒரு பத்தியை மட்டும் மாற்றி, கொம்பும் காலும் இடம் மாறாமல் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மீதியை மாற்றுங்கள். மூலக்கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள்.

பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்தால் தமிழ் உடைவது வேறு வகை. அங்கே எழுத்துகள் பார்வைக்கான வடிவங்களாகச் சேமிக்கப்பட்டிருக்கலாம். நகலெடுக்கும்போது வரிசை குலைந்துவிடும். அந்தப் பிடிஎஃப்பைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் படத்திலிருந்து எழுத்தைப் படித்துத் தரும். தமிழை ஓரளவு நன்றாகவே படிக்கிறது. ஆனாலும் ஒருமுறை மெய்ப்புப் பார்க்காமல் வெளியிடக் கூடாது.

கண்ணுக்கே தெரியாத தவறு ஒன்றும் உண்டு. 'ஔவையார்' என்பதில் முதல் எழுத்து ஒரே எழுத்து. விசைப்பலகையில் அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பலர் 'ஒ' போட்டுப் பக்கத்தில் 'ள' போட்டுவிடுகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சாக ஒன்றுபோலவே இருக்கும். கணினிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். 'கௌரி' என்பதைக் கொம்பு, க, ள என்று தட்டுவதும் இதே கதைதான். பக்கத்துக்குள் தேடினால் கிடைக்காது, அகரவரிசையில் தப்பான இடத்தில் போய் உட்காரும். பள்ளிப் பெயர்ப் பட்டியலில் ஒரு கௌரி மட்டும் எங்கோ தனியாக நின்றால் இதைச் சந்தேகியுங்கள். விண்டோஸிலேயே இப்போது தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் இருக்கின்றன. தெரியாத தளங்களிலிருந்து எதையும் இறக்கத் தேவையில்லை.

வலைப்பதிவில் கை வைக்கும்போது

ஒரு மாற்றம் செய்கிறீர்கள், பக்கத்தில் தெரியவில்லை. உடனே மறுபடி மாற்றுவீர்கள். பொறுங்கள். பிரவுசர் பழைய நகலைக் காட்டிக்கொண்டிருக்கலாம். கண்ட்ரோல், ஷிப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், அல்லது இன்காக்னிட்டோ சாளரத்தில் திறந்து பாருங்கள்.

உங்கள் தளத்தின் பெயரான டொமைன் முகவரியை வேறு சர்வருக்கு மாற்றும்போது இந்தப் பொறுமை இன்னும் முக்கியம். தளத்தின் பெயர் எந்தச் சர்வரைக் குறிக்கிறது என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு ஒவ்வொன்றுக்கும் 'டிடிஎல்' என்று ஒரு ஆயுள் உண்டு, நொடிக்கணக்கில். 14400 என்று இருந்தால் நான்கு மணி நேரத்துக்குப் பழைய விடையையே பலரும் வைத்திருப்பார்கள். ஒரு மணி நேரம் கழித்து "வரவில்லையே" என்று இன்னொரு மாற்றம் செய்தால் எது சரி, எது தவறு என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

வலைத்தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸில் ஒரு பிளக்கின்னை (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) புதுப்பித்ததும் பக்கம் வெள்ளையாகிவிட்டதா? எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவ வேண்டாம். 2019-இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து, இப்படி விழுந்தால் நிர்வாகியின் மின்னஞ்சலுக்கே ஒரு மீட்பு இணைப்பு வரும். அது வழியாக உள்ளே போய்க் குற்றவாளியை நிறுத்தலாம். மின்னஞ்சல் வரவில்லையென்றால், தளத்துக்கு இடம் தரும் ஹோஸ்டிங் கணக்கின் ஃபைல் மேனேஜரில் பிளக்கின்ஸ் கோப்புறையின் பெயரை மாற்றுங்கள். எல்லாப் பிளக்கின்னும் ஒரே அடியாக அணைந்து தளம் திரும்பும். அப்புறம் நிர்வாகப் பகுதியில் பிளக்கின்ஸ் பக்கத்தை ஒருமுறை திறந்துவிட்டு, கோப்புறைக்குப் பழைய பெயரைக் கொடுத்து, ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள்.

கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாக்கரில் எழுதுபவர்கள் காப்புப் பிரதி எடுத்துவிட்டதாக நிம்மதியாக இருக்கிறார்கள். அமைப்புகள் வழியாக முன்பு எடுத்து வைத்த அந்த எக்ஸ்எம்எல் கோப்பில் பதிவுகளும் கருத்துகளும் இருக்கும், படங்கள் இருக்காது. படங்களைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்கை நீக்கும் உரிமையையும் கூகுள் வைத்திருக்கிறது. மறைந்த எழுத்தாளர் ஒருவரின் பதிவுகள் அவருடைய கணக்கோடு போய்விடக் கூடாது என்றால் குடும்பத்தார் இப்போதே நகல் எடுத்தாக வேண்டும். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

டொமைனை யார் பெயரில் பதிந்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். தளம் வடிவமைத்துக் கொடுத்த பையனின் மின்னஞ்சலில் பதிந்திருப்பார்கள். அவர் வேலை மாறிப் போயிருப்பார். புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் அவருக்கே போய்க்கொண்டிருக்கும். டாட் காம் முகவரி காலாவதியானாலும் உடனே கைமாறாது. பதிவு நிறுவனம் தன்னிடம் சில வாரங்கள் வைத்திருக்கலாம், நீக்கிய பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, ஆனால் கட்டணம் அதிகம். அதுவும் தாண்டினால் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.

பொய்யான உதவி

"உங்கள் கணினியில் வைரஸ், இந்த எண்ணை அழையுங்கள்" என்று திரையை அடைத்துக்கொண்டு ஒரு செய்தி வந்தால் அது மோசடி. மைக்ரோசாப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருக்காது. பிரவுசரை மூடுங்கள், போதும். வாட்ஸ்அப்பில் கல்யாண அழைப்பிதழ் என்று ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்பு) வந்தால், அனுப்பியவர் சொந்த மாமாவாக இருந்தாலும் திறக்காதீர்கள். அவர் கைப்பேசியே பிடிபட்டிருக்கலாம். திறந்து, வங்கிப் பணம் போனது தெரிந்தால் உடனே உங்கள் வங்கியையோ தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணையோ அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் அடுத்தடுத்த கணக்குக்கு ஓடிவிடும்.

கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்ற நிலை வந்தால், புக்கிட் பிந்தாங் ஆனாலும் பினாங்கு கொம்தார் பக்கம் ஆனாலும், "பார்மட் பண்ணிடுங்க" என்று நீங்களாகச் சொல்லாதீர்கள். தப்பாக அழித்த கோப்பை மீட்க வேண்டும் என்றால் அந்த நொடியிலிருந்து கணினியைப் பயன்படுத்துவதையே நிறுத்துங்கள். எஸ்எஸ்டியில் அழித்த இடத்தை இயங்குதளமே துடைத்துவிடுவதால் நேரம் மிகக் குறைவு. கடைக்காரரிடம் இரண்டு விஷயத்தை எழுதியே கொடுங்கள்: உள்ளே இருக்கும் கோப்புகள் வேண்டும், என்னைக் கேட்காமல் டிஸ்க்கில் எதுவும் எழுதவோ அழிக்கவோ வேண்டாம். ரசீதிலும் அதைக் குறிக்கச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.