லைவ் மைக்ரேஷன்: மெமரி கண்காணிப்புச் சுமையை நாமே ஏற்றிக்கொள்ளும் இடங்கள்

ஓடிக்கொண்டிருக்கும் விர்ச்சுவல் மெஷினை வேறு ஹோஸ்டுக்கு (அதைத் தாங்கும் நிஜக் கணினிக்கு) நகர்த்தும்போது உள்ளே இருக்கும் டேட்டாபேஸ் மந்தமானால், முதல் பழி நெட்வொர்க் மேல் விழும். பல நேரம் அது அப்பாவி. கெஸ்ட் (நகரும் அந்த விர்ச்சுவல் மெஷின்) எந்தப் பேஜில் (மெமரியின் சிறு துண்டில்) எழுதியது என்று கணக்கு வைக்கிற வேலைதான் வேகத்தைத் தின்றுகொண்டிருக்கும்.

அடிப்படை சுலபம். ப்ரீ-காப்பி முறையில் மெமரி முழுவதையும் ஒருமுறை அனுப்புகிறோம். அனுப்புகிற நேரத்தில் கெஸ்ட் எழுதிவிட்ட பேஜ்களை, அதாவது டர்ட்டி பேஜ்களை, அடுத்த சுற்றில் அனுப்புகிறோம். மீதி மிகச் சிறியதாகும்வரை இப்படியே போகும். கடைசியில் கெஸ்டை ஒரு நொடிக்கும் குறைவாக நிறுத்தி மிச்சத்தை அனுப்பிவிடுவோம். எதில் எழுதியது என்று எப்படித் தெரியும்? பழைய வழி, எல்லாப் பேஜிலும் எழுதும் அனுமதியைப் பறித்துவிடுவது. கெஸ்ட் எழுதப் போனால் ஃபால்ட் (அனுமதி இல்லை என்ற தடங்கல்) வரும். லினக்ஸ் கெர்னலில் விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் பகுதியான கேவிஎம் அதை ஒரு பிட்மேப்பில் (பேஜுக்கு ஒரு பிட் கொண்ட பட்டியலில்) குறித்துக்கொண்டு அனுமதியைத் திருப்பித் தரும். அடுத்த சுற்றில் மறுபடியும் பறிப்பு.

பிட்மேப்பைப் பார்த்துப் பயப்படுவது

"இவ்வளவு பெரிய மெமரிக்கு எவ்வளவு பெரிய பிட்மேப் வேண்டும்!" என்று கவலைப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். 64 ஜிபி மெமரியில் 4 கேபி பேஜ்கள் 1,67,77,216. பேஜுக்கு ஒரு பிட் என்றால் மொத்தம் 2 எம்பி. இது ஒரு பொருட்டே இல்லை.

செலவு வேறு இடத்தில் இருக்கிறது. அதே 64 ஜிபியை 2 எம்பி ஹியூஜ் பேஜ்களாக மேப் செய்திருந்தால் பேஜ் டேபிளில் (முகவரி அட்டவணையில்) 32,768 என்ட்ரிகள் போதும். கண்காணிப்பு தொடங்கியதும் ஒவ்வொன்றும் 512 துண்டாக உடைகிறது. டிஎல்பியில் (தேடிய முகவரிகளை ப்ராசஸர் நினைவில் வைக்கும் சிறு இடத்தில்) அடங்கிக் கிடந்தது இனி அடங்காது; முகவரி தேடவே ப்ராசஸருக்கு நேரம் போகும். உடைக்காமல் விட்டால் என்ன? கெஸ்ட் ஒரே ஒரு பைட்டை மாற்றினாலும் 2 எம்பியும் டர்ட்டி என்றாகி, மொத்தமும் மறுபடி அனுப்பப்படும். அதனால் உடைப்பது நியாயமானதுதான். அந்த வேலையைக் கெஸ்ட்டின் எழுத்து நடுவே, ஃபால்ட் வரும்போது ஒவ்வொன்றாகச் செய்ய விடுவதுதான் தப்பு. முன்கூட்டியே உடைத்துவைக்கும் வசதி கேவிஎம்மில் இருக்கிறது. யாராவது அதை அணைத்து வைத்திருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இதைவிட மோசமான ஒரு 'தீர்வு' உண்டு: எப்படியும் உடையப்போகிறதே என்று ஹியூஜ் பேஜையே நிறுத்திவிடுவது. சில நிமிட மைக்ரேஷனுக்காக வருஷம் முழுக்க கெஸ்ட்டை மெதுவாக ஓட்டுவது என்ன கணக்கோ!

ரத்து செய், மறுபடி முயற்சி செய்

நான் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இடத்தில் மைக்ரேஷனுக்கு ஸ்கிரிப்ட் இருந்தது. 3 நிமிடத்தில் முடியாவிட்டால் ரத்து. அப்புறம் மறுபடி முயற்சி. மொத்தம் மூன்று தடவை. சின்ன மெஷின்களுக்கு ஒரு குறையும் இல்லை. 256 ஜிபி மெஷின் ஒன்று மட்டும் ஒவ்வொரு முறையும் தோற்றது, தோற்றபிறகும் கொஞ்ச நேரம் திணறியது. லிங்க் 10 ஜிகாபிட், நொடிக்கு அதிகபட்சம் 1.25 ஜிபி. முதல் சுற்று மட்டுமே 200 நொடிக்கு மேல். 180 நொடியில் ரத்து செய்தால் எப்படி முடியும்? ஒவ்வொரு தொடக்கத்திலும் ஹியூஜ் பேஜ்கள் உடைந்தன. ஒவ்வொரு ரத்துக்குப் பின்னும் கேவிஎம் அந்தச் சின்ன என்ட்ரிகளைக் கழித்துவிட்டு, கெஸ்ட் தொடத் தொட மறுபடி பெரியதாகக் கட்டியது. ஆக, எதுவுமே நகராமல் மூன்று முறை முழுச் செலவு. அந்த ஸ்கிரிப்டை எழுதியவன் நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நேர வரம்பு வைப்பதானால் மெமரி அளவை லிங்க் வேகத்தால் வகுத்து, அதற்கு மேல் வையுங்கள். இன்னும் நல்லது, சுற்றுக்குச் சுற்று மீதி குறைகிறதா என்று பார்த்து முடிவெடுப்பது.

அளக்கப் போய் மெதுவாக்குவது

ஒரு மெஷின் நொடிக்கு எவ்வளவு மெமரியை டர்ட்டி ஆக்குகிறது என்று முன்பே தெரிந்தால் நல்லதுதான். கேவிஎம்மோடு சேர்ந்து மெஷினை ஓட்டும் கியூஎமு மென்பொருளில் அதற்கான கட்டளையும் உண்டு. ஆனால் அதை பிட்மேப் முறையில் ஓட்டினால், அளப்பதற்காகவே கண்காணிப்பு தொடங்கிவிடும். ஹியூஜ் பேஜ் உடையும், ஃபால்ட் வரும். மைக்ரேஷன் நடக்காமலேயே மைக்ரேஷனின் வலி. பேஜ் சாம்ப்ளிங் முறை, தானாக இருக்கும் அமைப்பில், ஒரு ஜிபிக்கு 512 பேஜ்களை மட்டும் எடுத்து, இடைவெளி விட்டு ஹாஷை (உள்ளடக்கத்தின் சுருக்க எண்ணை) ஒப்பிடுகிறது. துல்லியம் கொஞ்சம் குறையும். நகர்த்தலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க அது போதும்.

பழைய பதிப்பிலேயே ஓட்டுவது

இதில் சேமிப்பு அதிகம் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பழைய முறையில் பிட்மேப்பைக் கேட்ட அந்தக் கணமே எல்லா டர்ட்டி பேஜிலும் எழுதும் அனுமதி போய்விடும். ஒரு பேஜ் அனுப்பும் வரிசையில் 20 நொடி தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். 5-ஆவது நொடியில் கெஸ்ட் அதில் எழுதுகிறது. ஃபால்ட் வருகிறது, மறுபடி டர்ட்டி என்று குறிக்கப்படுகிறது. 20-ஆவது நொடியில் போகும் நகலில் அந்த எழுத்தும் சேர்ந்தே போய்விடுகிறது. இருந்தாலும் அடுத்த சுற்றில் அதே பேஜ், அதே உள்ளடக்கத்தோடு, திரும்பவும் போகும். ஒரு வீண் ஃபால்ட், ஒரு வீண் அனுப்பல். புதிய கெர்னலும் கியூஎமுவும் சேர்ந்தால் அனுமதியை அனுப்புவதற்குச் சற்று முன், பகுதி பகுதியாகப் பறிக்கின்றன. தொடக்கத்தில் மொத்த மெமரியையும் பூட்டும் வேலையும் தவிர்க்கப்படுகிறது.

ஹார்ட்வேரிலும் இதே கதை. இன்டெல் பிராட்வெல் தலைமுறையிலிருந்து பிஎம்எல் இருக்கிறது: எழுதப்பட்ட பேஜின் முகவரியை ப்ராசஸரே ஒரு பஃபரில் போட்டுக்கொள்ளும், 512 சேர்ந்ததும்தான் ஹைப்பர்வைசரை (இங்கே கேவிஎம்மை) கூப்பிடும். ஒரு நொடியில் 3,00,000 புதிய பேஜ்களில் கெஸ்ட் எழுதினால், பழைய வழியில் 3,00,000 ஃபால்ட். பிஎம்எல்லில் சுமார் 586 அழைப்பு. எப்போதோ ஏதோ பிழையைத் துரத்தும்போது இதை அணைத்துவிட்டு மறந்த ஹோஸ்ட்கள் இருக்கும். கேவிஎம் மாட்யூலின் அமைப்பைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

டர்ட்டி ரிங் என்ற இன்னொரு வழியும் உண்டு. ஒவ்வொரு வி-சிபியுவுக்கும் (கெஸ்ட்டின் விர்ச்சுவல் ப்ராசஸருக்கும்) தனி வளையம், எழுதிய பேஜ்கள் மட்டும் அதில் விழும். மெமரி மிகப் பெரியது, எழுதுவது கொஞ்சம் என்றால் அருமை. எழுத்து கொட்டுகிற மெஷினில் வளையம் நிரம்பிக்கொண்டே இருக்கும். நிரம்பும்போதெல்லாம் அந்த வி-சிபியு நின்றுபோகும். சர்வரோக நிவாரணி என்று எல்லா மெஷினுக்கும் போட்டுவிடாதீர்கள்.

எல்லாரையும் சேர்த்து அமுக்குவது

மீதி குறையவில்லை என்றால் ஆட்டோ-கன்வெர்ஜ் கெஸ்ட்டின் வேகத்தைக் குறைக்கும். கியூஎமுவில் அது தானாக 20 சதவீதத்தில் தொடங்கி, பத்துப் பத்தாக ஏறி, 99 வரை போகலாம். சிக்கல் என்னவென்றால், அது எல்லா வி-சிபியுவையும் ஒரே மாதிரி அமுக்குகிறது. வெறுமனே படித்துக்கொண்டிருக்கும் வி-சிபியுவும் சேர்ந்து அடி வாங்கும். டர்ட்டி ரிங் இருந்தால், எழுதுகிற வி-சிபியுவை மட்டும் கட்டுப்படுத்தும் டர்ட்டி லிமிட்டைப் பயன்படுத்தலாம்.

டிவைஸை மறப்பது

நேரடியாகக் கெஸ்ட்டுக்குக் கொடுத்த நெட்வொர்க் கார்டு டிஎம்ஏ வழியாக (ப்ராசஸரைத் தொடாமல் நேராக மெமரியில்) எழுதும்போது சிபியுவின் பேஜ் டேபிள் பக்கமே வராது. டிவைஸோ, அதன் மெமரி அணுகலைக் கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யுவோ டர்ட்டி கணக்கு வைக்காவிட்டால், அது தொடக்கூடிய மெமரி முழுவதும் எப்போதும் டர்ட்டி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். சிபியு பக்கம் எவ்வளவு சீர் செய்தாலும் பயனில்லை. லினக்ஸ் 6.7-இல் ஐஓஎம்எம்யு வழி கண்காணிப்பு வந்தது; அதற்கு ஹார்ட்வேரும் ஒத்துழைக்க வேண்டும்.

போஸ்ட்-காப்பியைக் கடைசிவரை தள்ளிப்போடுவது

கெஸ்ட் எழுதும் வேகம் லிங்க் வேகத்தைத் தாண்டினால், எத்தனை சுற்று ஓட்டினாலும் ப்ரீ-காப்பி முடியாது. இருபது சுற்று கண்காணித்துவிட்டு அப்புறம் போஸ்ட்-காப்பிக்கு (கெஸ்ட்டை முதலில் நகர்த்தி, மீதி மெமரியைப் பிறகு கொண்டுவரும் முறைக்கு) போவதற்குப் பதில், ஒரு முழுச் சுற்று முடிந்ததும் மாறிவிடலாம். கெஸ்ட் புதிய ஹோஸ்டில் எழுந்த பிறகு டர்ட்டி கணக்குக்கே வேலையில்லை. இல்லாத பேஜைத் தொட்டால் பழைய ஹோஸ்டிலிருந்து வரும். இதில் விலையும் உண்டு. நடுவில் நெட்வொர்க் அறுந்தால் கெஸ்ட் அப்படியே நின்று காத்திருக்கும். புதிய ஹோஸ்டே விழுந்தால் திரும்பிப் போக இடமில்லை. அதனால் டேட்டாபேஸ் மெஷினுக்கு இதைப் போடுமுன், அந்த மெஷினுக்குப் பொறுப்பானவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவேன்.