ஓடை நீரின் தரத்தை அதில் வாழும் பூச்சிகளைக் கொண்டு அறிவது எப்படி?

ஒரு பாட்டில் நீரை ஆய்வகத்துக்கு அனுப்பினால், அதை மொண்ட நேரத்தில் நீர் எப்படி இருந்தது என்பது மட்டுமே தெரியவரும். முந்தைய இரவு திறந்துவிடப்பட்ட கழிவு விடிவதற்குள் கடந்து போயிருக்கலாம். ஆனால் கல்லடியில் மாதக்கணக்கில் வளரும் பூச்சிகளின் இளம்பருவங்கள் அதிலிருந்து எளிதில் தப்ப முடியாது. இதை அடிப்படையாகக் கொண்டு பிரிட்டனில் 1970-களில் உருவான பி.எம்.டபிள்யூ.பி. (உயிரியல் கண்காணிப்புப் பணிக்குழு) மதிப்பெண் முறையை, நமது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்திய ஆறுகளுக்கு ஏற்ப மாற்றிப் பயன்படுத்துகிறது.

படி 1: பிடித்தல். முழங்காலுக்குக் கீழ் ஆழமுள்ள, சரளைக்கற்கள் கிடக்கும் ஓட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளம் வடிந்த கையோடு இறங்கினால் பயனில்லை, பூச்சிகள் அடித்துச் செல்லப்பட்டிருக்கும். சுமார் 0.5 மி.மீ. கண்ணுள்ள வலையின் வாய் நீர் வரும் திசையை நோக்கியிருக்க, அதற்கு முன்னால் உள்ள கற்களைக் காலால் 3 நிமிடம் கிளறுங்கள்.

படி 2: அடையாளம் காணுதல். வலையில் சேர்ந்ததை வெள்ளைத் தட்டில் சிறிது நீரோடு கொட்டி, குப்பைக்கும் உயிருக்கும் வேறுபாடு தெரியும்வரை அசையாமல் பாருங்கள். தொடக்கநிலையினர் பெரும்பாலும் குழம்புவது ஸ்டோன்ஃபிளை, மேஃபிளை ஆகிய இரு பூச்சிகளின் நீர்வாழ் இளம்பருவங்களில்தான். வாலை மட்டும் எண்ணி முடிவுகட்டாதீர்கள்: மேஃபிளைக்குப் பொதுவாக மூன்று வால் இழைகள் என்றாலும் இரண்டே உள்ள வகைகளும் உண்டு. கைலென்சில் கால் நுனியைப் பாருங்கள். ஒற்றை நகம் என்றால் மேஃபிளை, இரட்டை நகம் என்றால் ஸ்டோன்ஃபிளை. மீன் வளர்ப்போர் அறிந்த சிவப்பு ரத்தப்புழு, கைரோனோமிட் என்னும் கடிக்காத, கொசு போன்ற பூச்சியின் இளம்பருவம்.

படி 3: மதிப்பெண். ஒவ்வொரு குடும்பத்துக்கும் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி) 1 முதல் 10 வரை மதிப்பெண் உண்டு. ஆக்சிஜன் குறைந்தால் தாங்காத பெர்லிடே என்னும் ஸ்டோன்ஃபிளை குடும்பத்துக்கு 10, கைரோனோமிட்களுக்கு 2, மண்புழுவின் உறவான நீர்ப்புழுக்களுக்கு 1. ஒன்று கிடைத்தாலும் நூறு கிடைத்தாலும் குடும்பத்துக்கு ஒரே முறைதான் மதிப்பெண். கூட்டிக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுங்கள்: இம்மூன்று மட்டும் இருந்தால் 13-ஐ 3-ஆல் வகுக்க 4.3 வரும்.

படி 4: பல்வகைமை. பிடித்தவற்றை எதேச்சையாக எடுத்து வரிசையாக வையுங்கள். முன்னதிலிருந்து வேறுபட்ட உயிர் வரும்போதெல்லாம் புதிய தொடர் தொடங்குகிறது. தொடர்களின் எண்ணிக்கையை மொத்த உயிர்களால் வகுத்தால் 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எண் கிடைக்கும். வாரியத்தின் அட்டவணையில் இவ்விரு எண்களையும் சேர்த்தே தூய்மையான ‘ஏ’ முதல் கடுமையாக மாசுபட்ட ‘இ’ வரை வகுப்பு தரப்படுகிறது.

மணற்பாங்கான, மெல்ல நகரும் ஆற்றில் ஸ்டோன்ஃபிளை இல்லாதது மாசுக்குச் சான்றாகாது, அங்கே அதற்குக் கல்லே இல்லை. ஆகவே, கழிவு கலக்குமிடத்துக்கு மேலும் கீழும் ஒரே மாதிரியான படுகை உள்ள இரண்டு இடங்களை, ஒரே நாளில், கீழிடத்தில் தொடங்கி ஆராய்ந்து ஒப்பிடுங்கள். பூச்சிகளை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.