பிரிட்டனியின் ஆளில்லாச் சாலைகளில் சைக்கிள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்சின் மேற்கு முனையில் இருக்கும் பிரிட்டனியில், கார் தொந்தரவு இல்லாத தார்ச்சாலையைத் தேடி அலைய வேண்டியதே இல்லை. பெரிய சாலையை விட்டு ஓரிரு கிலோமீட்டர் உள்ளே திரும்பினால் போதும். இருபுறமும் மண்வரப்பின்மேல் வளர்ந்த வேலிமரங்கள், நடுவே ஒரு வண்டி போகிற அகலத்தில் தார், எப்போதாவது ஒரு டிராக்டர் அல்லது மஞ்சள் நிறத் தபால் வேன். அவ்வளவுதான் போக்குவரத்து. ஆனால் அந்தச் சாலை ஏன் காலியாகக் கிடக்கிறது என்று பலர் யோசிப்பதில்லை. அந்தப் பக்கம் போக யாருக்கும் வேலை இல்லை, அதனால்தான் காலி. கடை கிடையாது. மேட்டைக் குடைந்து சாலையைச் சமப்படுத்தவும் யாரும் பணம் போடவில்லை. அமைதியை விரும்பிப் போகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதி இதை மறப்பதால் வருபவை. மீதி, வரைபடத்தைப் பார்க்கத் தெரியாமல் வருபவை.

பிரிட்டனி என்றாலே கடல்தான் என்று கரையை ஒட்டியே வழி போட்டுக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை கரையோர ஊர்கள் கேரவன்களாலும் நிறுத்த இடம் தேடி ஊர்ந்துபோகும் கார்களாலும் நிறைந்திருக்கும். அதே நாட்களில் உள்நாட்டில், கார்ஹே, ஊயெல்கோவா பக்கம் சாலைகள் வெறிச்சோடிக் கிடக்கும். காரிலிருந்து தப்பிக்கிறேன் என்று சிலர் ஜி.ஆர். 34 என்ற கடலோரப் பாதையில் சைக்கிளை ஏற்றிவிடுகிறார்கள். கடத்தலைத் தடுக்கச் சுங்கக் காவலர்கள் ரோந்து நடந்த பாதை அது. இன்றும் நடப்பவர்களுக்கு மட்டும்தான். கடல் பார்க்க ஆசை இருந்தால் உள்ளிருந்து ஏதாவது ஒரு முனைக்குப் போய்ப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே திரும்பிவிடுவது நல்லது. மே, ஜூன், செப்டம்பர் என்றால் கரையும் பரவாயில்லை.

அடுத்தது, சாலை எண்ணுக்கு முன்னால் வரும் 'டி' என்ற எழுத்தின் மேல் வைக்கும் நம்பிக்கை. 'என்' என்று தொடங்கும் தேசியச் சாலைகளான என் 12, என் 165, என் 164 எல்லாம் பிரிட்டனியில் பெரும்பாலும் நடுவில் தடுப்பு வைத்த விரைவுச் சாலைகள். அந்தப் பகுதிகளில் சைக்கிளுக்குத் தடை. இது பலருக்குத் தெரியும். 'டி' என்றால் மாவட்டச் சாலை, ஆகவே சின்னச் சாலை என்று நினைத்துக்கொள்வதுதான் வம்பு. 1970களில் அரசு ஏராளமான தேசியச் சாலைகளை மாவட்டங்களிடம் ஒப்படைத்தது. முன்னால் இருந்த எழுத்து மாறியது, எண் பல இடங்களில் அப்படியே நின்றது. ரொஸ்கோஃபிலிருந்து மொர்லே, கார்ஹே வழியாக லோரியான் போகும் டி 769, ரோக் ட்ரெவெசெல் மேட்டைத் தாண்டிக் கேம்பேர் பக்கம் இறங்கும் டி 785 எல்லாம் இந்த ரகம். அகலமான, நேரான சாலை. கார்கள் 80 கிலோமீட்டர் வேகத்தில் உரசிக்கொண்டு போகும். ஊருக்கு வெளியே சைக்கிளைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் இடம் விட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, பெரும்பாலானோர் விடவும் செய்கிறார்கள். ஆனாலும் அமைதி தேடி வந்தவருக்கு அங்கே என்ன வேலை? எண் 700ஐத் தாண்டினால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

இதற்குக் காகித வரைபடம் இன்னும் கைகொடுக்கிறது. மிஷ்லின் வரைபடத்தில் சிவப்பு பெரிய சாலை, மஞ்சள் நடுத்தரம், வெள்ளை சின்னது. வெள்ளையோடு வெள்ளையைக் கோத்துக்கொண்டே போனால் நாள் முழுவதும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் கார் வரும். ஆப் மட்டும் நம்பிப் போகிறவர்களை அது குறுக்குவழி என்று யாரோ ஒருவரின் தொழுவத்துக்குள்ளோ, 'ரிபின்' எனப்படும் பண்ணை மண்பாதைக்குள்ளோ கொண்டுபோய் விட்டுவிடும். 1984 முதல் நடக்கும் த்ரோ ப்ரோ லெயோன் பந்தயம் இந்த ரிபின்களுக்காகவே பேர் போனது. முதலில் வரும் பிரெத்தோன் (பிரிட்டனிக்கார) வீரருக்குப் பன்றிக்குட்டி பரிசு. பார்க்க வேடிக்கைதான். மெல்லிய டயரில் மூட்டை கட்டிக்கொண்டு போகிறவருக்கு அவ்வளவு வேடிக்கையாக இருக்காது.

கார் வேண்டவே வேண்டாம் என்பவர்கள் நேராக நாந்த்–பிரெஸ்ட் கால்வாய்க்குப் போய்விடுவார்கள். படகுகளைக் குதிரை கட்டி இழுத்த கரைப்பாதை 364 கிலோமீட்டர் நீளக் கால்வாயை ஒட்டிப் போகிறது. 1967இல் மூடிய குறுகிய ரயில் பாதைகளும் இப்போது சைக்கிள் வழிகள். மொர்லேயிலிருந்து கார்ஹே போவது அவற்றில் ஒன்று. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதைவிட நல்லது கிடையாது. ஆனால் பயணம் முழுவதையும் இதிலேயே முடித்துக்கொள்வது தவறு என்பேன். தரை பெரும்பாலும் இறுக்கிய மணலும் சரளையும். மழை பெய்தால் செயினிலும் பிரேக்கிலும் அரைத்துக்கொண்டே வரும். காட்சியும் ஒரே மாதிரி: தண்ணீர், மரம், மதகு, மறுபடி தண்ணீர். போதாக்குறைக்கு 1930இல் கட்டி முடித்த கெர்லெதான் அணை கால்வாயை இரண்டாக வெட்டிவிட்டது. அங்கே நீர்வழியை விட்டு விலகத்தான் வேண்டும். காலையில் கொஞ்ச தூரம் கால்வாய், பிறகு வெள்ளைச் சாலை என்று கலந்து போனால்தான் பிரிட்டனி தெரியும்.

மேடு விஷயத்தில் ஏமாறாதவர்கள் குறைவு. பிரிட்டனியின் மிக உயர்ந்த இடமான ரோக் ரூஸ் 385 மீட்டர்தான். ஏற்காட்டில் ஏறக்குறைய கால்வாசிதானே என்று தோன்றும். ஆனால் அங்கே மேடு ஒரே தடவையில் வந்து முடிவதில்லை. ஓடைக்கு ஓடை சாலை சரிந்து இறங்கி, பாலத்தைத் தாண்டியதும் செங்குத்தாக ஏறும். மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அடுத்த ஓடை. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் நெடும்பயணத்தில் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டருக்கு மொத்த ஏற்றம் 11,000 மீட்டரைத் தாண்டும். அதாவது 100 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் உயரம். இந்தியாவிலிருந்தும் நூற்றுக்கும் மேற்பட்டோர் போகிற நிகழ்ச்சி அது. சமவெளியில் பழகியவர்களைத் தேய்ப்பது இந்த ஓயாத ஏற்ற இறக்கம்தான். கேசட்டின் (பின்சக்கரப் பல்சக்கர அடுக்கின்) பெரிய வளையத்தில் 32 பல்லாவது இருக்கட்டும். தூரத்தைப் பார்த்து நாளைத் திட்டமிடாமல் மொத்த ஏற்றத்தைப் பார்த்துத் திட்டமிடுங்கள். இறக்கத்திலும் கவனம் வேண்டும்: பள்ளத்தின் அடியில் வெயில் படாது, பாசி பிடித்திருக்கும், பாலத்துக்கு முன்னால் வளைவு இருக்கும்.

இந்தியா, இலங்கை, பிரிட்டன் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ஒரு ஆபத்து தனியாக உண்டு: பிரான்சில் சாலையின் வலப்பக்கம்தான் போக வேண்டும். நகரத்தில் எதிரே வரும் வண்டிகளே நம்மை வலப்பக்கம் தள்ளிவிடும். ஆளில்லாச் சாலையில் நினைவூட்ட யாரும் இல்லை. படம் எடுக்க நிறுத்திவிட்டு மறுபடி ஏறும்போது கால் தன்னால் இடப்பக்கம் போய்விடும். முதல் கார் வளைவில்தான் வரும். இன்னொன்று, பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை. எதிரே காலிச் சாலை தெரிகிறது என்று நேரே போய்விடக் கூடாது, வலப்பக்கச் சந்திலிருந்து டிராக்டர்காரர் நிற்காமல் வருவார். தவறு அவருடையது அல்ல. ஊருக்கு வெளியே இருட்டிலும் மூடுபனியிலும் பளபளக்கும் ஜாக்கெட் போட வேண்டும் என்பதும், காதில் இயர்போன் கூடாது என்பதும் சட்டம்.

சாப்பாடு, தண்ணீர். வரைபடத்தில் ஊர் இருக்கிறது, அதனால் கடை இருக்கும் என்ற கணக்கு இங்கே எடுபடாது. 'கெர்' என்று தொடங்கும் பெயர்கள் எல்லாம் பெரும்பாலும் இரண்டு மூன்று வீடுகள். தேவாலயக் கோபுரம் இருக்கிற ஊரில்கூட பேக்கரி ஒன்று இருந்தால் பெரிய விஷயம். அதுவும் பல இடங்களில் திங்கட்கிழமை விடுமுறை, மதியம் இரண்டு மணி நேரமாவது மூடியிருக்கும், ஞாயிறு பிற்பகல் மறந்துவிடலாம். காலையில் திறந்திருக்கும் முதல் கடையிலேயே மதியத்துக்கும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். சைவம் சாப்பிடுகிறவர்கள், 'காலெத் கொம்ப்ளேத்' என்று மெனுவில் இருக்கும் தோசை போன்ற பண்டத்தில் பன்றி இறைச்சி உண்டு என்பதைத் தெரிந்துகொண்டு முட்டையும் சீஸும் மட்டும் வைக்கச் சொல்லுங்கள்.

தண்ணீருக்கு அங்குள்ள சைக்கிள்காரர்கள் எல்லோரும் போகிற இடம் கல்லறைத் தோட்டம். வாசலுக்குப் பக்கத்திலேயே சுவரோரம் ஒரு குழாய் இருக்கும், பூச்செடிக்கு ஊற்றும் வாளிகள் பக்கத்தில் தொங்கும். குழாய்க்கு மேல் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். 'நோன் பொத்தாப்ளே' என்றிருந்தால் குடிக்கக் கூடாத தண்ணீர். கூச்சப்பட்டுக்கொண்டு காலி பாட்டிலோடு மேடு ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

பஞ்சர் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இலையுதிர்காலத்திலிருந்து டிராக்டரில் பொருத்திய எந்திரத்தால் வேலிகளை வெட்டுவார்கள். காட்டுப் பிளம் முள் துண்டு துண்டாகத் தாரில் கிடக்கும். முள் உள்ளே போய் முனை முறிந்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. டியூபை மட்டும் மாற்றிக் காற்றடித்தால் சிறிது தூரத்தில் மறுபடி இறங்கும். டயரின் உட்புறத்தில் விரலை மெதுவாக முழுச் சுற்று ஓட்டிப் பாருங்கள். குத்துகிற இடத்தில் நகத்தால் அல்லது சின்ன இடுக்கியால் பிடுங்கிவிட்டுத்தான் புது டியூப். மக்காச்சோள அறுவடை நடக்கும் செப்டம்பர், அக்டோபரில் தாரில் சேறும் சேர்ந்துகொள்ளும்.

கடைசியாகக் காற்று. பெரும்பாலான நாட்களில் மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வீசும். ஆனாலும் கிழக்கே இருக்கும் ரென் நகரில் தொடங்கி மேற்கே கடலில் முடித்தால் அழகாக இருக்கும் என்று நாள் கணக்கில் எதிர்காற்றில் மிதிக்கிறார்கள். சைக்கிளை ரயிலில் போட்டுக்கொண்டு பிரெஸ்ட்டுக்கோ கேம்பேருக்கோ போய், அங்கிருந்து கிழக்கே திரும்பி வருவது மேல். நல்ல வெயில் காலத்தில் வடகிழக்குக் காற்றும் அடிக்கும் என்பதால் முந்தின நாள் வானிலையைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். ஆனால் ரயிலை அப்படிக் கடைசி நேரத்தில் முடிவு செய்ய முடியாது. கோடையில் சைக்கிளுக்கான இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். டிஜிவி என்ற அதிவேக ரயிலில் முழுச் சைக்கிளுக்குத் தனியாகப் பணம் கட்டி இடம் பிடிக்க வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் சக்கரத்தைக் கழற்றிப் பையில் போட்டுச் சாமானாகக் கொண்டுபோவதுதான் வழி, அதற்கான பை முன்பே கையில் இருக்க வேண்டும்.