"அம்மாவுக்குத் தலைசுற்றல், என்ன செய்யலாம்?" என்று கேட்காதீர்கள்

போன ஆண்டு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் கேட்ட கேள்வி இவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் இஞ்சிச் சாறு, பித்தம், கழுத்தெலும்புத் தேய்மானம், கண்ணாடி பவர் என்று பதினொரு பதில்கள். சொன்னவர்கள்மேல் குறையில்லை, என் கேள்வியில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. செவிலியராக இருக்கும் அத்தை மகள் மட்டும், "ஒழுங்காக எழுதி அனுப்பு" என்றாள். அவள் என்னை எழுதவைத்த முறை இது.

(நெஞ்சுவலி, முகம் ஒரு பக்கம் கோணுதல், பேச்சுக் குழறல், கை கால் திடீரென்று விழுதல் என்றால் எதையும் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். 108ஐ அழையுங்கள்.)

படி 1: வயது, ஏற்கெனவே உள்ள நோய்கள், தொந்தரவு தொடங்கிய நாள். இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

படி 2: "தலைசுற்றல்" என்ற சொல்லைத் தூக்கிப்போடுங்கள். நான் சறுக்கியது இங்கேதான். அறையே சுழல்வதும் தலைசுற்றல், எழுந்ததும் கண் இருட்டுவதும் தலைசுற்றல், நடக்கையில் தள்ளாடுவதும் தலைசுற்றல். "மயக்கம்" இன்னும் மோசம். நினைவு தப்பியதா, தூக்கக் கலக்கமா என்றே தெரியாது. படுக்கையில் புரளும்போது சில நொடிகள் அறை சுழன்றால் உட்காதைச் சந்தேகிப்பார்கள். எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால் இரத்த அழுத்தத்தைப் பார்ப்பார்கள். அம்மாவிடம், "என்னம்மா செய்கிறது, அந்தச் சொல்லைச் சொல்லாமல் சொல்லுங்கள்" என்றேன். "விடியற்காலையில் எழுந்து நின்றால் கண்ணுக்கு முன்னால் திரை விழுகிறது" என்றார். பாதி விடை அதிலேயே இருந்தது.

படி 3: மாத்திரைகள். "வெள்ளை பிரஷர் மாத்திரை" யாருக்கும் உதவாது. அட்டையில் வணிகப் பெயரோடு அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் எழுதுங்கள். எப்போது தொடங்கினார் என்பதையும்தான். எங்கள் வீட்டில் புது மாத்திரை தொடங்கி மூன்று வாரம், கண் இருட்டல் தொடங்கி இரண்டு வாரம். இதை எழுதத் தோன்றாமல்தான் இஞ்சிச் சாறு வாங்கிக்கொண்டிருந்தேன்.

படி 4: "பிரஷர் நார்மல்" என்பது அளவு அல்ல, எண்களை எழுதுங்கள். ஐந்து நிமிடம் படுத்திருந்தபின் ஒரு முறை, எழுந்து நின்ற 1ஆம் நிமிடத்திலும் 3ஆம் நிமிடத்திலும் மறுமுறை பாருங்கள். விழாமல் பிடிக்க ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அம்மாவுக்கு 138, 112 ஆயிற்று. கருவி மேற்கையில் கட்டுவதாக இருக்கட்டும். மணிக்கட்டுக் கருவி எனக்குப் பிடிக்காது. கையை நெஞ்சு மட்டத்தில் பிடிக்காவிட்டால் எண் மாறிவிடும்.

இவ்வளவையும் ஏழு வரியில் எழுதி மருத்துவரிடம் நீட்டினோம். மாத்திரையின் அளவை அவர்தான் குறைத்தார், நாங்களாக நிறுத்தவில்லை.

பின்சேர்க்கை: சிங்கப்பூரிலிருந்து ஒருவர் "அப்பாவுக்குச் சர்க்கரை 7.8" என்று எழுதியிருந்தார். மூன்று மாதச் சராசரியைச் சதவீதத்தில் சொல்லும் HbA1c என்று நினைத்துக்கொண்டு பதில் எழுத உட்கார்ந்தேன். அங்கே இரத்தச் சர்க்கரைக்கு மில்லிமோல் (mmol/L) கணக்கு, நம் ஊரில் மில்லிகிராம் (mg/dL) கணக்கு. 18ஆல் பெருக்கினால் நம் ஊர்க் கணக்கில் 140. எண்ணுக்குப் பக்கத்தில் அலகையும், சாப்பிடும் முன்பா பின்பா என்பதையும் சேர்த்துவிடுங்கள்.